சிகிச்சை முடிந்த மறுவாரம்

"இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்" என்று மருத்துவர் சொல்லும் நாளில் பல வீடுகளில் பாயசம் வைக்கிறார்கள். சிலர் அன்றைக்கே வேண்டுதலை நிறைவேற்றக் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். அதற்கு மறுவாரம் என்ன ஆகிறது, மறுவருடம் என்ன ஆகிறது என்று கேட்பது என் வேலை. புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களின் வாழ்க்கைத்தரத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன். வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ரிவ்யூவுக்கு வருகிறவர்களோடு கேள்வித்தாளும் கையுமாக உட்கார்ந்து பேசுவதில் என் பகல்கள் கழிகின்றன.

முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நன்றாக இருக்கிறேன்." யாரும் பொய் சொல்வதில்லை. நோய் திரும்பி வந்ததா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, வரவில்லை என்று பதில் சொல்கிறார்கள். கை வீங்குகிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, பழைய வேலைக்குப் போக முடிகிறதா என்பவையும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று கூச்சப்படுகிறவர்களும் உண்டு. இவற்றில் பல, கேட்டால் சரிசெய்யக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையால் வேலூர் என்றாலே வைத்தியம் என்று நாடெங்கும் பெயராகிவிட்டது. காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை இருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. நான் கவனித்த ஒன்று: கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் அறை எடுத்துத் தங்கி, கேட்க வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி வைத்துக் கேட்டுவிட்டுத்தான் காட்பாடியில் ரயில் ஏறுகிறார்கள். நம் பேர்ணாம்பட்டுக்காரரும் அணைக்கட்டுக்காரரும் மதியப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருப்பதால் அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

இப்படிப்பட்டவர்கள் குறைவானவர்கள் அல்ல. 2022-ம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறக்குறைய 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் கண்டறியப்பட்டு அப்போது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். ஐந்தாண்டைத் தாண்டியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே நெஞ்சுக்குள் புற்றுநோய் வந்து பிழைத்தவர். 1985-ல் எழுதிய கட்டுரையில், நோய் கண்டு சிகிச்சை பெறும் காலம், சிகிச்சை முடிந்து திரும்ப வந்துவிடுமோ என்று பயந்தபடி இருக்கும் காலம், ஏறக்குறைய குணமானதாகவே கொள்ளத்தக்க காலம் என்று மூன்றாகப் பிரித்தார். நம்மிடம் முதல் காலத்துக்கு வார்டு இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, கூட இருக்க உறவினர் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு இருப்பது ரிவ்யூ தேதி மட்டுமே.

இதை எப்படி அளப்பது? ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்று உருவாக்கி 1993-ல் வெளியான முப்பது கேள்விகள் கொண்ட தாள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழிலும் உண்டு. வலி, களைப்பு, தூக்கம், பசி, மனநிலை, குடும்பம், பணக்கஷ்டம் என்று கேட்டுக்கொண்டே போகும். பெரும்பாலான கேள்விகளுக்கு 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'மிக அதிகமாக' என்பதுவரை நான்கு பதில்கள். கடைசி இரண்டுக்கு மட்டும் ஒன்று முதல் ஏழுவரை எண் சொல்ல வேண்டும். அங்கேதான் பெரியவர்கள் திணறுவார்கள். ஏழுக்கு எத்தனை என்று யோசித்துப் பழக்கமில்லை. "ரூபாய்க்குப் பத்தணா தேவலை" என்பார் ஒருவர். பதினாறு படி கொண்ட அளவுகோலை அவர் பாட்டுக்குக் கையில் வைத்திருக்கிறார். நான் ஏழு படியை நீட்டிக்கொண்டிருக்கிறேன். பாரம் தூக்குவதற்கு உதாரணமாக அந்தத் தாளில் வருவது கடைப்பையும் சூட்கேஸும். நான் தாளில் உள்ளபடி கேட்டு முடித்துவிட்டு, தண்ணீர்க் குடம் தூக்குகிறீர்களா என்று தனியாகக் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்வேன். ஆய்வு முறைப்படி அந்த ஓரக்குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை அவைதான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எல்லாம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சிறு வயதிலிருந்தே பீடி சுற்றியவர். வேலையோ அன்றாடக் காரியமோ செய்வதில் தடை இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தைக் காட்டினார். கூட வந்த மகள் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு பீடி சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அதை எப்போதோ விட்டுவிட்டாராம். இலை வெட்ட வருகிறது, தூள் வைத்துச் சுருட்டவும் வருகிறது. முனையை மடித்து அழுத்தும் இடத்தில் விரல் நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை. மடிப்பு பிரிந்த பீடியை எண்ணி வாங்குகிறவர் கழித்துவிடுகிறார். ஆயிரம் பீடிக்குக் கூலி. கழித்தது போகக் கையில் என்ன நிற்கும்? "அதனால் விட்டுவிட்டேன் சார், இப்போது ஒரு தொந்தரவும் இல்லை" என்றார்.

சில கீமோ மருந்துகள், குறிப்பாகப் பேக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்றவை, கைகால் நுனி நரம்புகளைப் பாதிக்கும். அந்த அம்மாவின் விரல் மரத்தது அதனால்தான். ஆனால் அவர் பதில் தாளில் பூஜ்ஜியத் தொந்தரவாகப் பதிவாகிறது. முடியாததை வாழ்க்கையிலிருந்து வெட்டிவிட்டு, மிச்சமிருப்பதில் குறையில்லை என்று சொல்கிறார். மனிதர்கள் நோய்க்குப் பிறகு தங்கள் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார்கள் என்பது வாழ்க்கைத்தர ஆய்வில் நன்கு தெரிந்த சங்கதி. ஒரு வகையில் அது மனதின் பலம். அதனால்தான் தாங்க முடிகிறது. மருத்துவருக்கோ அதுவே கண்ணை மறைக்கும் திரை. பீடியை விட்டது நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். புகையிலைத் தூளோடு நாளெல்லாம் உட்காருவது நல்லதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகளிர் குழுக் கடன் தவணை அந்தக் கூலியில்தான் கட்டப்பட்டது. இப்போது மகளின் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் கட்டப்படுகிறது.

மரத்துப்போவது பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும்; சிலருக்கு அப்படியே தங்கிவிடும். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்ஸெடின் என்ற மாத்திரை உதவக்கூடும், மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். வெறும் மரப்புக்கு இன்று நல்ல மருந்து இல்லை. எனவே காலைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. குணமானால் கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறார்கள். கால் கொப்பளித்ததே தெரியாமல் நடந்து முடித்து, வீட்டில் பாயில் ஈரக்கறை பார்த்த பிறகு தெரிந்துகொண்டவர் உண்டு. சர்க்கரையும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் ஆற எத்தனை நாளாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. தார் ரோடு ஆறிய பிறகு, தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நடங்கள்; நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கை வீக்கத்துக்கு வருவோம். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் அந்தப் பக்கக் கை வீங்குகிறது. வளையல் இறுக்குவதும் ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதும் முதல் அடையாளம். பெண்கள் இதைத் தையல்காரரிடம் சொல்கிறார்கள், டாக்டரிடம் சொல்வதில்லை. ஆரம்பத்தில் வந்தால் பயிற்சியும் அழுத்தக் கைச்சட்டையும் நல்ல பலன் தரும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் தோல் தடித்துவிடும். அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்ற பழைய அறிவுரை இன்னும் ஊர்களில் உலவுகிறது. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள பெண்களுக்கு மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, கையில் பலம்தான் கூடியது. பயிற்சியே இல்லாமல் ஒரே நாளில் நிறைகுடத்தைத் தூக்குவது வேறு. பழகிப் பழகித் தூக்குவது வேறு. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க நகரத்துக்கு வர முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்களா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் என் மேஜைக்கு எதிரே அதிகம் உட்காருகிறார்கள். புகையிலையும் பாக்கும் இங்கே அவ்வளவு. எச்சில் வற்றிப்போகும்; சோறு நெஞ்சுக்குள் இறங்காது. இந்த விஷயத்தில் நம் கேழ்வரகுக் களிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மெல்ல வேண்டாம், கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கலாம். காரம்தான் எதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை இறுகுவது இன்னொரு தொல்லை. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தாடைப் பயிற்சி தேவை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து, சில நாளைக்கு ஒரு குச்சியாகக் கூட்டிப் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அந்தக் குச்சிக்கட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் எடுத்துவிடுவாராம். பயிற்சியும் ஆயிற்று, பக்கத்து சீட்காரரின் வாயும் அடைந்தது என்று சிரிக்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இவை தெரியாததால் நேரும் கேடு பெரியது. ஒன்று பல். தாடையில் கரண்ட் வைத்த பிறகு பல் பிடுங்கினால் அந்த இடத்து எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம், பல வருடம் கழித்தும்கூட. பல் வலி என்று தெருமுனைக் கிளினிக்குக்குப் போனால் வாய் திறப்பதற்கு முன் இந்தச் செய்தியைத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது தைராய்டு. கழுத்தில் கரண்ட் பட்டவர்களில் கணிசமானவர்களுக்குச் சில மாதத்திலோ வருடத்திலோ தைராய்டு சுரப்பு குறைந்துவிடுகிறது. உடம்பு கனக்கிறது, மலம் சிக்குகிறது, எப்போதும் அசதி. புற்றுநோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ஒரே ஓர் இரத்தப் பரிசோதனை. குறைந்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இவ்வளவு மலிவான தீர்வு உள்ள தொந்தரவு புற்றுநோய் உலகத்திலேயே குறைவு. அதைக்கூட யாரும் எழுதிக் கேட்காமல் வருடங்கள் ஓடியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய கேள்வித்தாளில் தாம்பத்தியம் குறித்த பகுதி வெறுமையாகவே திரும்பி வரும். நான் ஆண் என்பது ஒரு காரணம். செவிலியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு, கணவரையும் மாமியாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதில்கள் வந்தன. அடிவயிற்றில் கரண்ட் வைத்தால் பிறப்புறுப்பு வறண்டு சுருங்கலாம்; உறவு வலிக்கும். மாதவிடாய் இளம் வயதிலேயே நின்றுபோகும், எலும்பு பலம் குறையும். சுருங்காமல் காக்க எளிய உபகரணமும் வறட்சிக்குக் களிம்பும் உண்டு. உறவால் நோய் கணவருக்குத் தொற்றிவிடும், அல்லது நோய் திரும்பிவிடும் என்ற பயம் அநேகமாக எல்லார் மனதிலும் இருக்கிறது. புற்றுநோய் அப்படித் தொற்றாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தச் செவிலியர் சொன்னார்.

தனி டம்ளர், தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மகள் கல்யாணம் முடியும்வரை நோயை வெளியில் சொல்லாத வீடுகள் அதைவிட அதிகம்; அதனால் ரிவ்யூவே தள்ளிப்போகிறது. ரிவ்யூவுக்கு முந்தைய ஒரு வாரம் தூக்கம் போவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடப்பது. ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வரும்வரை சாப்பிடாத ஆண்கள் இருக்கிறார்கள், கேட்டால் பசியில்லை என்பார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகும் அந்தக் கலக்கம் வாரக்கணக்கில் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அதையும் நோய்க்குறியாகவே சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெரிய செலவுகளைத் தாங்குகிறது. வேலைக்குப் போகாத நாளின் கூலி, பஸ், சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி இவை எதிலும் அடங்காது. ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும். சிகிச்சை முடிந்து ரிவ்யூவுக்கு வருவதற்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

இனி அசதி. கேட்டால் எல்லாரும் சொல்லும் ஒரே தொந்தரவு இது. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இரத்தச்சோகையா, தைராய்டா, தூக்கக் குறைவா, மனச்சோர்வா என்று முதலில் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஓய்வு இதற்கு மருந்தல்ல, நடைதான் மருந்து. வீட்டில் இதை நம்ப வைப்பது கடினம். பிழைத்து வந்தவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அன்பு என்று நினைக்கிறார்கள். 2025-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்றாண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி, மற்றதற்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90 சதவீதம், மற்றதில் 83 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு அது வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பதற்கு ஈடான பயிற்சி. வேலூர்க் கோட்டைக்குள் காலையில் நடக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். வெயில் காலத்தில் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

தொந்தரவுகளைக் கேட்டு எழுதுவதாலேயே பயன் உண்டா என்று என்னிடம் கேட்பார்கள். நியூயார்க்கில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவற்றைக் கணினியில் பதிவு செய்து வந்தார்கள். மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் முடிவு வந்தபோது, பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் 31 மாதத்தைத் தாண்டி வாழ்ந்திருந்தார்கள்; மற்றவர்களில் பாதிப் பேர் 26 மாதத்தை. புது மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள், குணமானவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே அடுத்த ரிவ்யூவுக்கு முதல் நாள் இரவு, துணிக்கடைப் பையில் ஃபைலை வைக்கும்போதே ஒரு தாளும் வையுங்கள். முன்பு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட வேலைகள் எவை என்று எழுதுங்கள்; என் அனுபவத்தில் 'என்ன தொந்தரவு' என்பதைவிட இந்தக் கேள்விதான் உண்மையைக் கொண்டுவருகிறது. பதிலை நோயாளியே சொல்லட்டும். கூட இருப்பவர்கள் வெளியில் தெரியும் தொல்லைகளைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், உள்ளே இருப்பதைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். இதுவரை பெற்ற சிகிச்சையின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கரண்ட் எந்த இடத்தில், எந்த மாதம். அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டாக்ஸோரூபிசின் ஏற்றிக்கொண்டவருக்குப் பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கினால், பார்க்கும் இதய மருத்துவருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும். சிறு வயதில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம். வளர்ந்து வெளியூர் போகும்போது அவர்கள் கையிலேயே அது இருக்க வேண்டும்.

ரிவ்யூ தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. வீங்கிய கை சிவந்து காய்ச்சல் வந்தால், சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் கண்டால், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு இருந்தால் (மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முக்கியமாக), முதுகு வலியோடு கால் பலமிழந்தால், அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள்.